பதினொரு ஒன்றுகள்

சட்டம் உடைந்த அந்தச் சிலேட்டை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. ஒருநாள் அதில் அப்பா பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். அவருக்கு மைசூர் சர்க்கார் கணக்கு ஆபீசில் உத்தியோகம். "சரி" என்பதற்கு வீட்டிலும் கன்னடத்தில் "ஆய்த்து" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது.

அக்கா இண்டர்மீடியட் முடித்துவிட்டு, கணிதத்தில் பி.ஏ. படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவோ வேலூர் வரனைப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணை எழுதி அவளிடம் நீட்டினார். "ஒண்ணையும் இதையும் தவிர வேற எந்த எண்ணாவது மீதியில்லாம இதை வகுக்குதா, கண்டுபிடி. மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாத்த வர்றதுக்குள்ள சொன்னா காலேஜ். இல்லைன்னா கல்யாணம். ஆய்த்தா?"

"ஆய்த்துப்பா" என்று சிரித்தாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அடுத்து என் தலைதானே!

மூன்று, ஏழு, பதிமூன்று எதுவும் வகுக்கவில்லை. இப்படியே போனால் ஆயுசு போதாது. அக்கா சின்ன எண்களை வைத்து ஒரு வழி கண்டாள். ஐந்து ஒன்றுகளை வகுக்கும் 41, 271 இரண்டும் பத்தின் மடங்கைவிட ஒன்று கூடுதல். ஏழு ஒன்றுகளை வகுப்பவை பதினான்கின் மடங்கைவிட ஒன்று கூடுதல். அப்படியானால் பதினொன்றுக்கு, இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வருபவற்றை மட்டும் பார்த்தால் போதும். ஆளுக்குப் பாதியாக வகுத்தோம். ஆயிரங்கள் தாண்டின. எதைப் போட்டாலும் மீதி, மீதி, மீதி! சிக்பேட்டையிலிருந்து பட்டுப்புடவை வந்திறங்கியது. நான் அழுதேன். அக்கா வகுத்துக்கொண்டே இருந்தாள்.

தட்டு மாற்றும் நாளன்று காலை, பாதி பின்னிய சடையோடு கூடத்துக்கு ஓடினாள். "21649-ஐ 513239-ஆல பெருக்கிப் பாருங்கப்பா."

அப்பா அதே சிலேட்டில் பெருக்கினார். வலதிலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. ஐந்தாவது இடத்தில் எட்டு விழுந்தது. "எட்டு! பாத்தியா, எட்டு!" என்று சிலேட்டுக் குச்சி உடைய அழுத்திப் போட்டார்.

"முந்தின இடத்து மிச்சம் மூணு இருக்கு. சேக்கல நீங்க" என்றாள் அக்கா.

அழித்துவிட்டு ஒன்று போட்டார். மற்றவையும் ஒன்றாகவே வந்தன. அப்பாவின் முகம் வெளிறியது. "எதுலயும் வகுபடாதுன்னு ஆபீஸ்ல ஒருத்தன் அடிச்சுச் சொன்னானே!" என்றார், தன்னை மறந்து.

"அப்போ நான் தோக்கணும்னுதான் குடுத்தீங்களாப்பா?"

வாசலில் ஜட்கா வந்து நின்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போன அப்பா, வந்தவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுத் திருப்பியனுப்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை நான் மறுக்கமாட்டேன்.

அக்கா படித்தாள், கல்லூரியில் பாடமும் நடத்தினாள். அப்பா பெருமை தாங்காமல் வருகிறவர்களிடமெல்லாம் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிப்பார். அவர் எதைச் சொல்லி "ஆய்த்தா?" என்று கேட்டாலும் அக்கா தலையை மட்டும் ஆட்டுவாள். பாவம், கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

ஒன்றுகளெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டன. சிலேட்டைச் சாய்த்துப் பிடித்தால், அன்று அப்பா சந்தோஷமாய் அழுத்திப் போட்ட எட்டின் கீறல் மட்டும் தெரிகிறது. அக்கா வரும்போதெல்லாம் நான் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.