கிணற்றில் அணைந்த விளக்கு

போன் விளையாட்டில் எனக்குப் பூமிக்கடியில் ஓர் ஊர் இருக்கிறது. குளிர்ச்சியாக இருக்குமென்று எல்லோரையும் கீழ்த்தளத்தில் தூங்க வைத்தேன். நேற்றிலிருந்து மூச்சுத் திணறுகிறார்கள்.

இன்று காலை மோட்டாரைப் பார்க்க அப்பா கிணற்றில் இறங்கப் போனார். வழக்கம்போல முதலில் விளக்கைக் கயிற்றில் இறக்கினார். பாதியிலேயே அணைந்துவிட்டது.

"கெட்ட காத்து கீய தங்கிக்கினு கீது. இன்னிக்கி வாணாம்."

நான் உடனே போனை எடுத்தேன். கட்டில்களை மேல்தளத்துக்கு மாற்றினேன். கெட்ட காற்றை உறிஞ்சும் பம்பை அடியில் பள்ளம் தோண்டி வைத்தேன்.

திரையில் நல்ல காற்றைக் காட்டும் நீலம் மெல்லப் பரவியது. என் மக்கள் ஒவ்வொருவராக நிம்மதியாகத் தூங்கினார்கள். நானும் அங்கேயே படுத்திருப்பதுபோல இருந்தது.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

"கீய இருந்தவங்கள மேல ஏத்திட்டேம்பா."

"அப்பிடியே நம்ம கெணத்துக்கும் ஒரு பம்பு வையி."

அதற்கான பொத்தானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.