மூன்று பங்கு இறக்கம், ஒரு பங்கு ஏற்றம்

கண்டியில் யாராவது இன்டர்நெட் வேகமில்லை என்று போன் கோல் எடுத்தால் ஏணியோடு ஓடுவதுதான் என் வேலை. கூரையில் ஏறி, டிஷ்ஷை மலைமேல் நிற்கும் எங்கள் கோபுரத்துக்கு நேராகத் திருப்பி, லெப்டொப்பைத் திறந்து வேகத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போன நேரத்தில் ஹோட்டல்காரர் ஒருவர், "படம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு தம்பி" என்றார். "ரவுட்டரை அலுமாரிக்குள்ள பூட்டி வச்சா அது வேற என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அதற்கு ஒபிசில் எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் வேகம் கொடுத்தவன் வீட்டில், பெண்டாட்டியின் முகம் அசையாமல் நின்றது. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போகும்போது மகளுக்கு இரண்டரை வயது. இப்போது நாலு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகலில் மட்டும் அவளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு கிடைக்கும். அதற்காக நான் ஞாயிறு லீவை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன். கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் வீடு. அங்கே போன் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வீடியோவில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் திறந்தபடி நின்றுவிடும். "அம்மா ஏன் பொம்ம மாதிரி இருக்காங்க?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரிப்பதை, தலைமயிரைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவதை ஒருதடவை பார்த்தால் போதும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரு ஹோட்டலில் கழற்றிப் போட்ட பழைய டிஷ் இரண்டை ஒபிசில் கேட்டு வாங்கினேன். ஒன்றைக் கலஹா கடைத்தெருவில் இன்டர்நெட் லைன் உள்ள ஒரு கடையின் கூரையிலும் மற்றதை என் வீட்டுக் கூரையிலும் பூட்டி, நேருக்கு நேர் பேச வைப்பது என் திட்டம். என்னோடு வேலை செய்கிற அக்குறணைக்காரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், பொஞ்சாதி மொகத்தப் பாக்க இவ்வளவு பெரிய டிஷ்ஷா? எண்ட வீட்டுல டிஷ் இல்லாமலே நாள் முழுக்க தெரியுது, போதும் போதும்டா!" ஆனால் கடைக்காரரிடம் பேசி இடம் வாங்கித் தந்ததும் அவன்தான்.

இரண்டு கூரைகளுக்கும் நடுவே ஒரு பள்ளம். பள்ளம் முழுக்கத் தேயிலை, தேயிலைக்கு நிழலாகச் சவுக்கு என்று நாங்கள் சொல்லும் சில்வர் ஓக் மரங்கள். மழையில் நனைந்த இலை சிக்னலை அப்படியே குடித்துவிடும். நான் முதலில் சனலை, அதாவது சிக்னல் போகிற அலைப்பாதையை, அகலமாக்கினேன். அகலமானால் வேகம் கூடும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கூடவில்லை, இருந்ததும் போனது. அகலமாக்கினால் சுற்றியிருக்கிற ரேடியோக்களின் இரைச்சலும் சேர்ந்து உள்ளே வரும். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் எல்லாக் கண்டக்டரும் ஒன்றாகக் கத்தும்போது எந்த பஸ் எங்கே போகிறது என்று யாருக்குப் புரியும்? இதெல்லாம் தெரிந்துமே மூன்று வெள்ளிக்கிழமையை நாசமாக்கினேன். கடைசியில் சனலை ஒடுக்கி, டிஷ்ஷை விரற்கடை அளவு உயர்த்தி, மரங்களின் தலைக்கு மேலாகப் பார்க்க வைத்தேன்.

அன்று அவள் முகம் அசைந்தது. தாடைக்குக் கீழே இருக்கும் மச்சம்கூடத் தெரிந்தது. தலைமயிரைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். மகள் போனுக்கு முத்தம் கொடுத்து அதை எச்சிலாக்கினாள். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன. கண்ணீர் தாடையில் வழிந்தது.

"என்னங்க, பேச்சையே காணோம்?" என்றாள் அவள்.

"நீ அவ்வளவு தெளிவா தெரியுற. நாங்க தெரியுறோமா?"

"தெரியுது தெரியுது. எல்லாம் நல்லா தெரியுது."

அதன்பிறகு சில மாதங்கள் நான் தரையில் நடக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் என் கெட்டித்தனத்தை அவளிடமே அளந்துகொண்டிருந்தேன். அவளும் "ஒங்கள மாதிரி யாருக்கு வரும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளின் நர்சரியில் கலைவிழா வந்தது. அம்மாவுக்கு ஆடிக் காட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். என் அக்கா தன் போனில் பாட்டைப் போட்டாள். நான் என் போனைப் பிடித்துக்கொண்டேன். மகள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் வெளியே பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கிற த்ரீவீல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஓட்டம். பின்னாலேயே அக்காவும் ஓடினாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் போன் வெறும் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அய்யோ, அழகா ஆடுறா என் தங்கம்!" என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"இப்ப என்ன செய்றா?" என்று கேட்டேன்.

"கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க."

தரையில் ஒருவரும் இல்லை.

"எத்தன நாளா இப்படி?" என்று கத்தினேன். "வாயத் தொறந்து சொல்ல மாட்டியா நீ?"

அவள் சிரிப்பு நின்றது. "மொதல்ல இருந்தே அப்படித்தாங்க. படம் வரும், அப்படியே நிக்கும்" என்றாள். "நான் தெரியுறேன்னு நீங்க எவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. அத எப்படிச் சொல்றது? எனக்கு அவ கொரலு கேட்டா போதும், விடுங்க."

அவளை ஏசியது போதாமல் என்னை நானே ஏசிக்கொண்டேன். கோளாறு மரத்திலும் இல்லை, மழையிலும் இல்லை. காற்றில் போவதும் வருவதும் ஒற்றைப் பாலத்தில் மாறி மாறி வண்டி விடுவது போலத்தான். ஹோட்டலில் எல்லோரும் படம் பார்க்கிறவர்கள், எதையும் அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால் உள்ளே வருவதற்கு மூன்று பங்கு நேரம், வெளியே போவதற்கு ஒரு பங்கு என்று வைப்போம். வாடிக்கையாளரும் வருகிற வேகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். கைப்பழக்கத்தில் என் வீட்டுக்கும் அதையே வைத்திருக்கிறேன். பள்ளத்தைத் தாண்டி வருகிற கொஞ்சத்தில் மூன்று பங்கையும் அவளைப் பார்க்க நானே எடுத்துக்கொண்டேன். நான் அழுததைக்கூட அவள் பார்க்கவில்லை.

"பத்து நிமிஷத்தில எடுக்கிறேன், போகாத" என்று சொல்லி கோலை வெட்டினேன். லெப்டொப்பில் முதலில் சரிபாதியாக வைத்துச் சோதித்தேன். எங்கள் படம் போகிற அளவுக்கு அது போதவில்லை. பிறகு பங்கை அப்படியே தலைகீழாக மாற்றினேன்: போவதற்கு மூன்று, வருவதற்கு ஒன்று. திரும்பக் கோல் எடுத்தபோது மகள் கையில் ஒரு பணிஸோடு வாசலில் இருந்து வந்துகொண்டிருந்தாள்.

நான் போனை மகள் பக்கம் திருப்பினேன்.

"என்னங்க." குரல் நடுங்கியது. "இவ என்னய மாதிரியே கைய வீசிக்கிட்டு நடக்குறா. நீங்க சொல்லவே இல்லையே."

நான் கவனித்ததே இல்லை. தினமும் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை.

"இங்கிட்டு வாங்க. ஒங்களையும் பாக்கணும். அய்யோ, எவ்வளவு எளச்சிட்டீங்க! ஏன் அழுவுறீங்க?"

என் திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் பாதி திறந்தபடி நின்றிருந்தது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று குரலை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒங்களுக்கு நான் தெரியுறேன்ல?" என்று கேட்டாள்.

"தெரியுற," என்றேன். "நல்லா தெரியுற."