லோடுக்குப் பத்து வலி

சலவைக்கடை வேனை ஓட்டுகிறவளைத் தெருவில் எல்லோரும் வேன்காரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபத்தைக் கண்ட இடத்தில் செலவழிக்கிறவள் இல்லை அவள். மொத்தத்தையும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஆள் அவளுடைய மாமியார்.

கடை மாமியாருடையது. கீழே இரண்டு அறையில் கடை, மேலே இரண்டு அறையில் வீடு. லாட்ஜ்களிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். சுவரில் கடிகாரம் தொங்கியது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சலவை மிஷின் ஒரு தடவை ஓடி முடிகிற லோடுதான் கணக்கு. 'ஒரு லோடு முடியறதுக்குள்ள வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போவார்கள். அவளுடைய புருஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு லோடு தூங்குவான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

பிரசவத்துக்கும் மாமியார் ஒரு லோடுக் கணக்கு வைத்திருந்தாள். இரண்டு பெற்றவள் அவள், மகன் ஒன்று, மகள் ஒன்று. இரண்டு தடவையும் வலியோடு உறை மடித்துக்கொண்டிருந்துவிட்டு, கிளம்ப வேண்டிய நேரத்துக்குச் சரியாகக் கிளம்பிப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தவள்.

"ஒரு லோடு ஓடி முடியறதுக்குள்ள பத்து வலி வந்தா வீட்டை விட்டுக் கிளம்பலாம். அதுக்கு முன்னாடி போய் நின்னா, இன்னும் நேரம் ஆகல, வீட்டுக்குப் போங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அதைவிடக் கேவலம் வேற ஏது?"

தெருவில் பாதிப் பெண்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் பெற்றார்கள். கணக்கு தப்பியதில்லை. தப்பாத கணக்கு மனிதர்களுக்குக் கொஞ்சம் கொம்பு முளைக்க வைக்கும். மாமியாருக்கு நன்றாகவே முளைத்திருந்தது.

வேன்காரிக்கு முதல் வலி எடுத்தபோது கடையில் புது மிஷின் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போதெல்லாம் அவள் மூட்டை கட்டுகிறவள், வேன் புருஷனிடம் இருந்தது. பழைய மிஷின் ஒரு லோடு முடிக்கிற நேரத்தில் புது மிஷின் இரண்டு முடித்துவிடும். வருகிற போகிறவர்களிடமெல்லாம் மாமியார் அதைத்தான் பீற்றிக்கொண்டிருந்தாள். லோடு பாதியாகிவிட்டால் லோடுக்குள் வருகிற வலியும் பாதியாகத்தானே இருக்கும்? அது அந்த மகராசிக்குத் தோன்றவில்லை. வலியில் துடித்துக்கொண்டிருந்தவளுக்கும் தோன்றவில்லை.

"எத்தனை?" என்பாள் மாமியார், ஒவ்வொரு லோடும் நிற்கும்போது.

"அஞ்சு, அத்தை."

"பாதிதான் ஆச்சு. நடந்துக்கிட்டே இரு."

அடுத்த லோடுக்கு ஐந்து. அதற்கடுத்த லோடுக்கு ஆறு. அவள் இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியல அத்தை, வண்டியை வரச்சொல்லுங்க" என்று கெஞ்சினாள்.

"எனக்கு ரெண்டு தடவை முடிஞ்சுது. உனக்கு ஒரு தடவை முடியலையா?"

கடைசியில் ஒரு லோடுக்குள் பத்து வலி வந்தபோது அது கிளம்புகிற நேரமே இல்லை, பெறுகிற நேரம். வேனைக் கூப்பிட்டு, மூட்டைகளுக்கு நடுவே அவளைப் படுக்கவைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். பக்கத்துத் தெருவிலேயே சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 'லிஃப்டுகூட இல்லாத இடத்துக்கா போறது?' என்று மாமியார் அதை முதல் மாதமே தள்ளிவிட்டிருந்தாள். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பெண் குழந்தை அங்கேயே பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதையே கேட்டார்கள். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"வலி வந்தா வாயைத் திறந்து சொல்லணும்ல? பாதி வலியை அவ சொல்லவே இல்ல. நான் என்ன, வயித்துக்குள்ள புகுந்தா பார்க்க முடியும்?"

உள் அறையில் மார்பில் துணி கட்டிப் பால் வற்றக் காத்துக்கிடந்தவள் காதில் அது விழுந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். அப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்து சாப்பிட்டதை அன்றைக்குத்தான் உணர்ந்தாள். அதிலும் கொடுமை, அவளே அதைப் பாதி நம்பினாள். எங்கேயோ எண்ண விட்டுவிட்டோமோ, மயக்கத்தில் இரண்டு மூன்றைச் சொல்லாமல் விழுங்கிவிட்டோமோ என்று ராப்பகலாகத் தன்னையே தின்றுகொண்டாள்.

மறுபடி கடையில் இறங்கி வேலை செய்யத் தொடங்கிய ஒரு நாள், துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது மிஷின் நின்றது. இவ்வளவு சீக்கிரமா என்று நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எண்ணிக்கை தப்பவில்லை. மிஷின் மாறிப்போயிருந்தது.

புருஷனிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அம்மா முன்னால் அவனுடைய முதுகெலும்பு இஸ்திரி போட்ட துணி மாதிரி மடிந்துவிடும். "தெரியாம நடந்துபோச்சு, விட்டுடு" என்றான். தெரியாமல்தான் நடந்தது என்று அவளும் விட்டுக்கூட இருப்பாள். ஆனால் ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு யோசனை கேட்க வந்தாள். படிக்கட்டில் நின்றிருந்த வேன்காரிக்கு மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இப்ப புது மிஷினு. பத்தெல்லாம் வேண்டாம். அஞ்சு வந்தாலே கிளம்பிடு."

ஆக, தெரியும். தெரிந்து, கணக்கைத் திருத்தி, ஊராருக்குச் சொல்லவும் தொடங்கியாகிவிட்டது. பழியை மட்டும் மருமகள் தலையிலேயே விட்டுவைத்திருக்கிறாள். வேன்காரியின் நெஞ்சில் அன்றைக்குப் பற்றியது பிறகு அணையவே இல்லை.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அழுகை வரும், அழுதால் மாமியார் ஜெயித்துவிடுவாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். புருஷனுக்கு முதுகுவலி வந்து மூட்டை தூக்க முடியாமல் போனதும் சாவி அவள் கைக்கு வந்தது. லாட்ஜ் லாட்ஜாக அவளே போனாள், பின்பக்கமாக வண்டியைச் சந்துக்குள் நுழைக்கிறதில் ஆண்களே அவளிடம் பாடம் கேட்க வேண்டும். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று புருஷன் தயங்கித் தயங்கிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"உங்க அம்மா அன்னைக்கு வந்தவங்க கிட்ட சொன்னாங்கல்ல? அதே மாதிரி நாலு பேர் முன்னாடி உண்மையைச் சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்."

இப்படியே நாலு வருஷம் ஓடியது. நாத்தனார் முழுகாமல் இருந்தாள். அவளுடைய புருஷன் கப்பலில் வேலை, வருகிற நாள் அவனுக்கே தெரியாது. அதனால் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, மேல்மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். வேன்காரிக்கு அவள்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. அந்தச் சாவு நடந்த வருஷம் அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஊரோடு சேர்ந்து, அண்ணி வலியைச் சொல்லவில்லை என்றே நம்பியிருந்தாள். அதுதான் வேன்காரிக்கு உறுத்தும்.

ஒரு காலையில் வேன்காரி மிஷினில் விரிப்புகளைத் திணித்து ஓடவிட்டுவிட்டு, டீ டம்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். லாட்ஜ் மேனேஜர் பில்லுக்காக நின்றிருந்தார். எதிர்வீட்டுப் பெண், அந்த 'அஞ்சு வலி'க்காரிதான், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போர்வை வாங்க வந்திருந்தாள். அப்போது மாமியார் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"வண்டியை எடு! அவளுக்கு வலி வந்துடுச்சு!"

"எத்தனை வலி, அத்தை?"

"ஒண்ணு வந்துது. போதாதா? எடு, எடு!"

வேன்காரி மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்கிறவர்கள், மகள் உடைத்தால் என்ன குடம் என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு வலி! லோடும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற கேவலமும் இல்லை. நாலு வருஷமாகச் சேர்த்தது மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

"இப்பத்தான் லோடு போட்டிருக்கேன். முடியட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் டீ குடித்தாள்.

"என்னடி பேசுற? பிள்ளை அங்க துடிக்குது!"

"நடக்கச் சொல்லுங்க."

மாமியாரின் முகம் வெளுத்துப்போனது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்குக்கூட இல்லை, தன் மகளுக்கு வந்தால்தான் சிலருக்குத் தெரிகிறது. மேனேஜர் பில்லை மடித்துப் பைக்குள் வைத்தார், ஆனால் போகவில்லை.

"சாவியைக் கொடு. நான் வேற ஆளை வச்சு ஓட்டிக்கிறேன்."

"தரேன். இவங்க ரெண்டு பேர் இருக்காங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க. அன்னைக்கு நான் வலியை மறைச்சேனா? இல்ல, நீங்க பழைய மிஷின் கணக்கைப் புது மிஷினுக்குப் போட்டீங்களா?"

எதிர்வீட்டுப் பெண் தன் பிள்ளையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்திருக்க வேண்டும். மாமியார் படியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப அதுவா முக்கியம்?" என்றாள்.

"எனக்கு நாலு வருஷமா அது ஒண்ணுதான் முக்கியம்."

சொல்லும்போது வேன்காரிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் தவிப்பதைப் பார்க்கப் பார்க்க, டீ இனித்தது. மாடியில் இருந்தவளுக்கு அடுத்த வலி வந்து அவள் முனகியது கேட்டபோதுகூட டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, வலியில் இருக்கிற ஒருத்தியைக் காக்கவைக்கிறதில் அவளும் மாமியாரும் ஒன்றாகவே இருந்தார்கள். லோடு முடிகிறவரை உட்கார்ந்திருப்பாளா, எழுந்திருப்பாளா என்று அவளுக்கே தெரியாது.

நாத்தனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. எவ்வளவு நேரமாகப் படியில் நின்று கேட்டாளோ.

"அம்மா, அண்ணி கேட்கிறது நிஜமா?"

"நீ முதல்ல வண்டியில ஏறு கண்ணு. பெரிய ஆஸ்பத்திரியில ரூம் சொல்லி வச்சிருக்கேன்."

"நிஜமான்னு கேட்டேன்."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனாருக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த வலி வந்து போகிற வரைக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இன்னொருத்தி பிடித்துக்கொண்டு நின்ற அதே மேஜை. வேன்காரியின் டம்ளர் தானாகக் கீழே இறங்கியது.

"உனக்கு எங்க போகணும்?" என்று வேன்காரி கேட்டாள். "எப்ப போகணும்? நீ சொல்லு. வேற யாரும் சொல்ல வேண்டாம்."

"இப்பவே போலாம் அண்ணி. பாலம் வேண்டாம். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கே போங்க. திருப்பி அனுப்பினா அங்கேயே வாசல்ல உட்கார்ந்திருப்போம்." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "நீ வராத, அம்மா."

"என்னடி இது? நான் இல்லாம எப்படிடி பெத்துப்ப?"

"எதை மறைச்சியோ அதை எல்லாருக்கும் சொல்லிட்டு வா. அதுவரைக்கும் என் குழந்தை உன் கைக்கு வராது."

வேன் தெருமுனை திரும்பும்போது வேன்காரி கண்ணாடியில் பார்த்தாள். மாமியார் கடைவாசலில் ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார்கள். இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. வெளியே நின்ற வேன்காரி அந்த அழுகையைக் கேட்டதும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பொறாமையும் அதில் இருந்தது.

மறுநாள் மாமியார் வரவில்லை. அதற்கடுத்த நாள், பார்வையாளர் நேரத்தில் வந்தாள். நீளமான பொது அறை அது, இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் உறவுக்கூட்டம். அதில் பாதிப் பேர் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள், மாமியாரிடம் கணக்குக் கேட்டவர்கள். நாத்தனார் தலையணையில் சாய்ந்திருந்தாள். குழந்தை வேன்காரியின் மடியில் தூங்கியது.

மாமியார் வாசலைத் தாண்டி வரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"என் மருமக அன்னைக்கு வலியைச் சரியாத்தான் சொன்னா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "புது மிஷினை மறந்துட்டு நான்தான் தப்பாக் கணக்குப் போட்டேன். தெரிஞ்ச பிறகும் அவமேல பழி போட்டேன். பிள்ளை போனது என்னாலதான்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்கிற மாதிரி அண்ணியைப் பார்த்தாள். மாமியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை காதில் விழுந்தாயிற்று. வேன்காரிக்கு நெஞ்சு ஆறவில்லை. மடியில் கனக்கிற குழந்தை இன்னொரு குழந்தையின் கனத்தைத்தான் நினைவுபடுத்தியது. அவள் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"கடைசிக் கட்டில்ல இருக்கிறவங்களுக்குக் கேட்கல, அத்தை" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

மாமியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.