துவைக்காமல் வந்தவன்

என் தம்பி எதையெல்லாம் வென்றான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த அன்று, பிழைக்காது என்று சொல்லி ஓரமாக வைத்த குழந்தை அவன். பிழைத்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று பேர் வாங்கியவன், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை வாங்கினான். அங்கே இஸ்திரி உருளை அவனுடைய வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. காயம் ஆறியதும் அதே உருளைக்கு முன்னால் போய் நின்று, மிச்ச விரல்களால் விரிப்பை மடிக்கக் கற்றான். அந்தக் கைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டவர்கள் பார்த்திருக்க, கட்டினால் இவரைத்தான் என்று நின்ற ஒருத்தியைக் கட்டினான். எல்லாவற்றுக்கும் பிறகு, எங்கள் கோயிலின் திருவிருந்து மேசையில் வந்து உட்கார்ந்தான். மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கடைசி வெற்றிக்கு ஈடில்லை. ஏனென்றால் இதில் அவன் ஜெயிக்க வேண்டியிருந்தது அவனையேதான்.

எங்கள் கிறிஸ்தவ சபை சிறியது, பழக்கங்கள் பழையவை. திருவிருந்து நாளுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் சபையை மேற்பார்க்கும் மூப்பரிடம் போக வேண்டும். மேசைமேல் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் காசு அளவில் ஈய வில்லைகள். “கட்டளைகளைக் காத்தீங்களா?” என்று மூப்பர் கேட்பார். “கர்த்தர் கிருபையால் காத்தேன்” என்று சொன்னால் ஒரு வில்லையை எடுத்துக் கையில் வைப்பார். மறுநாள் அதைக் கொடுத்தால்தான் அப்பமும் திராட்சரசமும். மூப்பர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் பெற்ற தாயைக்கூட ஏற்றமாட்டார் என்று பெயர். அந்தக் கறார் குணம் வில்லைப் பெட்டிவரை வந்துவிட்டது.

பெரியவனான நாளிலிருந்து என் தம்பி அந்த மேசைமுன் உட்காருவான். மூப்பர் கேட்பார். “ஒன்பது காத்தேன். நாலாவது காக்கல” என்பான். மூப்பரின் கை பெட்டிக்குள் பாதி போய்த் திரும்பிவிடும்.

நாலாவது என்பது ஓய்வுநாளில் வேலை செய்யாதிருப்பது. திங்கள் காலை அறுவை சிகிச்சைகளுக்கு விரிப்பும் பச்சை அங்கியும் தயாராக வேண்டும் என்பதால் சலவைக்கூடம் ஞாயிறு மத்தியானம் திறக்கும். தம்பி காலையில் ஆராதனைக்கு வந்துவிட்டு அங்கே போவான். அந்த வேலையை விட்டால் அந்தக் கைக்கு வேறிடம் கிடைக்காது. கூட வேலை செய்யும் உருளைக்காரர், “ஞாயித்துக்கிழமை நான் நிக்கிறேன், நீ போ” என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். “எனக்குப் பதிலா நீங்க பாவம் பண்ணணுமா? அதுவும் அதே கட்டளைலதான் வரும்” என்று தம்பி மறுத்துவிட்டான். வாய் திறந்தால் பத்துக் கட்டளை என்பதால் சலவைக்கூடத்தில் அவனுக்குப் ‘பத்து’ என்றே பேர் வைத்தார்கள். அது கோயில்வரை வந்து ஒட்டிக்கொண்டது.

“பத்துக்கு ஒன்பது மார்க் எடுத்தவனை ஃபெயில் ஆக்குற பள்ளிக்கூடம் உங்க கோயில் ஒண்ணுதான்யா” என்பார் உருளைக்காரர்.

போதகரும் பேசிப் பார்த்தார். “ஆஸ்பத்திரி வேலை இரக்கத்தோட வேலை. அதுல தப்பில்ல.”

“சும்மா செஞ்சா இரக்கம் ஐயா. ஞாயித்துக்கிழமைக்குச் சேர்த்தே சம்பளம் வாங்குறேனே.”

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிபடாது. நான் தையல்காரி. ஆண்டவரை நம்பினேன், அவர் ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான் என் மதம். “நம்பினாப் போதும்டா. எல்லாரும் காத்தேன்னுதான் சொல்றாங்க. நீயும் சொல்லிட்டு வாங்கிக்கோ” என்றேன் ஒருநாள், அவன் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே.

“பொய் சொன்னா ஒன்பதாவது போயிடும்க்கா. நாலைக் காப்பாத்த ஒன்பதை விடச் சொல்றியா?”

“அப்ப சாகிற வரைக்கும் வாசல்லயே நிப்பியா?”

 திருவிருந்து அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். தட்டு அவனைத் தாண்டிப் போகும்போது, அருகில் இருப்பவருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று முழங்காலை ஒதுக்கிக்கொள்வான். அந்த முழங்காலைப் பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஜெபிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

அவனுக்கு உள்ளே என்ன ஓடியது என்று என் தம்பி மனைவி ஒருநாள் சொன்னாள். “நம்மளை ஆண்டவரே வேண்டாம்னு சொல்லிட்டார்னா என்ன செய்றதுன்னு கேக்குறாரு அண்ணி. தூங்கப் போறப்பல்லாம் இதேதான்.”

ஒரு வருஷம் தம்பி வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே மூப்பருக்கு வயிற்றில் அறுவை நடந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் தூரத்தில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் பிளாஸ்கில் அவருக்குச் சூடாகக் கஞ்சி எடுத்துப் போனேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. வெளியே நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“உங்க ஆளாம்மா இவரு? படுக்கையை நனைச்சுட்டாரு. விரிப்பை மாத்த விட மாட்டேங்குறாரு. நாளைக்கு மாத்திக்கலாமாம். தையல் போட்ட உடம்போட ஈரத்துல கிடக்குறாரு.”

“ஏன் மூப்பரையா?” என்றேன், திரைக்கு இந்தப் பக்கம் நின்று.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா.” மூப்பர் உள்ளிருந்தே சொன்னார். “இதை எடுத்துட்டுப் போனா உன் தம்பிதான் துவைக்கணும். இத்தனை வருஷமா எந்தக் காரணத்துக்காக அவனுக்கு வில்லை கொடுக்காம அனுப்பினேனோ, அதே வேலையை எனக்காகவே செய்யச் சொல்லவா?”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த ஊர் நியாயம் இது?” என்று என்னைக் கேட்டாள்.

அதற்குள் சலவை வண்டியின் சக்கரம் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. தம்பி வெளுத்த விரிப்புகளோடு வந்தான். நர்ஸ் ஒரே மூச்சில் விஷயத்தைக் கொட்டினாள். கேட்டுவிட்டு ஒரு விரிப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரைக்குள் போனான்.

“கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க மூப்பரையா.”

“வேண்டாம் பத்து. எனக்குக் கூச்சமா இருக்கு. நீ இதைப் பார்க்காத.”

“சுத்தமா இருக்குற விரிப்பை எங்ககிட்ட யாரும் அனுப்புறதில்ல. அழுக்கானதுதான் வரும். அதுக்குத்தானே நாங்க இருக்கோம்? இதுல கூச்சப்பட்டா சலவைக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.”

துணி உருவும் சத்தம் கேட்டது. கட்டில் முனகியது.  நான் பிளாஸ்கைப் பிடித்தபடி நின்றேன்.

“பத்து,” என்றார் மூப்பர் கடைசியில். “எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிக்கலாமே. மத்தவங்க எல்லாரும் அழுக்கா வரலாம், நீ மட்டும் வீட்டுலயே துவைச்சுட்டுத்தான் அவர்கிட்ட வரணுமா?”

தம்பி திரையை விலக்கி வெளியே வந்தான். ஈர விரிப்பைச் சுருட்டி மார்போடு பிடித்திருந்தான். சலவைக்காரன் யாரும் அப்படிப் பிடிக்கமாட்டான், சட்டை நனையும். கண் கலங்கியிருந்தது. என்னைத் தாண்டிப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். சட்டை நனைந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

அந்த வாரம் என் வீட்டுக்கு வந்து, “முதல் தடவை திருவிருந்து வாங்குறவங்க சபைப் புத்தகத்துல கையெழுத்துப் போடணுமாமே அக்கா. எனக்குப் பேர் எழுதத் தெரியாதே” என்றான். அதுவரை எல்லாவற்றுக்கும் இடதுகைப் பெருவிரல் ரேகைதான். நான் ஒரு வெட்டுத்துணியை மேசையில் விரித்து, தையல் சாக்கட்டியால் அவன் பேரைப் பெரிதாக எழுதினேன். இடது கையால் அதன்மேலேயே இழுத்துப் பழகினான். சலவைக்கூடத்தில் நீராவி படிந்த கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்ப்பானாம். உருளைக்காரர் பின்னால் நின்று, “வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்திரிங்க” என்று கத்துவாராம்.

“இனிமே கட்டளையெல்லாம் தளர்த்திடுவியா?” என்று சீண்டினேன்.

“வெளுத்த விரிப்பைக் கொண்டுபோய்த் தரையில போடுவாங்களாக்கா?” என்றான், சாக்கட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூப்பர் உடம்பு தேறி வந்து பெட்டியோடு உட்கார்ந்த முதல் சனிக்கிழமை, எனக்குப் பின்னால் தம்பி வரிசையில் நின்றான். என் முறை வந்ததும் வழக்கமான பதிலை நானும் சொல்லவில்லை. “நம்பி வந்திருக்கேன் மூப்பரையா” என்று மட்டும் சொன்னேன். வில்லை கொடுத்தார். தம்பி உட்கார்ந்தான்.

“கட்டளைகளைக் காத்தியா?”

“நாலாவது காக்கல. மத்ததையும் உள்ளுக்குள்ள பார்த்தா சந்தேகம்தான். அப்படியே வந்திருக்கேன்.”

மூப்பரின் கை பெட்டிக்குள் முழுதாகப் போனது. வில்லையை அவன் வலது கையில், விரல் இல்லாத அந்தப் பக்கத்தில் வைத்து, மிச்ச விரல்களைத் தானே மடித்துவிட்டார்.

மறுநாள் காலை, ஆராதனைக்கு முன், சபைப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். தம்பி சலவைக்கூடத்துக்குப் போகும் சட்டையோடு வந்திருந்தான். பேனாவை இடது கையில் எடுத்தவன் நிறுத்தினான்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே மூப்பரையா. எழுதுறது வேலை ஆகாதா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை.

“உன் பேரை எழுத யாராவது சம்பளம் கொடுக்குறாங்களா?”

“இல்ல.”

“அப்ப எழுது.”

அவன் குனிந்து எழுதினான். இரண்டாவது எழுத்து கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. கடைசிப் புள்ளியைக் காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயந்தவனைப் போல மெதுவாக வைத்தான். பக்கத்தில் மூப்பர் தேதியைக் குறித்தார்: 2009 ஜூன் 14.