மறுபடி முதலிலிருந்து

பன்னிரண்டு வருஷமாக இணைய மையத்தில் பிறருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். 'சேமிக்காதவை அழிந்துவிடும், வெளியேறவா?' என்று திரை கேட்டால், படிக்காமலே 'ஆம்' என்று தட்டும் திமிர் பிடித்த விரல் என்னுடையது.

அன்று ஓர் அம்மா, கணவர் விபத்தில் செத்த விதத்தை விம்மி விம்மிச் சொல்ல, இழப்பீட்டுப் படிவத்தில் முக்கால்வாசி ஏற்றியிருந்தேன். நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே வேறு பக்கம் திறக்கப் போனேன். திரை கேட்டது, தட்டினேன். எல்லாம் போயிற்று.

"கம்ப்யூட்டர் சொதப்பிடுச்சும்மா. மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன், வாய் கூசாமல்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் அழுது உன்னைக் குழப்பிட்டேன் போலிருக்கு. இந்தத் தடவை அழாம சொல்றேன்ப்பா."