மாமாவின் நெஞ்சில் ஆடிய செவ்வரத்தம்பூ

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, அளவெட்டியில் எங்களோடுதான் இருந்தார். மத்தியானங்களில் மாமரத்தின் கீழ்ச் சாக்குக் கட்டிலில் வெறும் மேலோடு படுத்திருப்பார். நான் ஒரு செவ்வரத்தம்பூவைப் பிடுங்கி அவர் நெஞ்சில் வைப்பேன். பூ தானாகத் துள்ளத் தொடங்கும். காற்றே இல்லாத வெயிலில் ஊர் முழுக்க நித்திரைகொள்ள, அந்தச் சிவப்பு மட்டும் விழித்திருந்து ஆடும். பார்த்துக்கொண்டே இருக்க எனக்கும் கண் செருகிவிடும்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் வித்தை செத்துப்போகும்" என்பார் மாமா. அவருக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நோயாளி, வருத்தக்காரன் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. எனக்கோ, இப்படியொரு மாமா வேறு ஆருக்கு இருக்கிறார் என்ற பெருமை.

மூன்று பேரின் பிட்டைத் தனியே சாப்பிட்டும் மாமா மெலிந்துகொண்டே போனார். ஒருநாள் தண்ணீர் அள்ளப் போனவர் இரண்டாவது வாளியோடு மூச்சு வாங்கிக் கிணற்றடியில் குந்திவிட்டார். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"திண்டுபோட்டுப் படுத்துப் படுத்துச் சோம்பேறியாப் போனாய். உன்னை ஆர் கட்டுவாள்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா சோம்பேறி இல்லையம்மா! அவர் நெஞ்சாலை பூவை ஆடப்பண்ணுவார்!"

அம்மா சிரிக்கவில்லை. ஈரக்கையை மாமாவின் நெஞ்சில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, இதென்னடா இப்பிடி அடிக்குது?" கையோடு ஓட்டோவுக்கு அழைத்தார்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாட்டில் மாமாவைத் தங்கவைத்துவிட்டார்கள். கழுத்திலிருக்கும் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, இதயத்தை ஓயாமல் ஓடவைத்து, அதன் தசையையே களைக்கச் செய்துவிட்டதாம். இன்னும் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்று வைத்தியர் சொன்னதை, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்த மாமா காலையும் மாலையும் குளிசை விழுங்கினார். சில மாதங்களில், பூ வைத்தால் வைத்தபடியே கிடந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு காலை, குளிசையை நீட்டும்போது கேட்டேவிட்டேன்.

"நான் சொன்னதாலைதானே மாமா உங்களுக்கு இதெல்லாம்?"

அவர் என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஓம் பிள்ளை, நீ சொன்னதாலைதான்."

மாமா என்னைக் குறை சொல்கிறார் என்று நினைத்து, இனிமேல் ஒருத்தருடைய இரகசியத்தையும் வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணி அழுதேன்.