டிவி பெட்டியில் முளைத்த கீரை

மகளுக்கு எட்டு மாதம் முடிந்தது. இனிக் கீரை கடைந்து கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் என்னைவிட அதிகம் மனம் குளிர்ந்துபோனவர் என் மாமியார். திருத்தங்கல் வீட்டு மொட்டைமாடியில், பேத்திக்கென்றே சிறுகீரை விதைத்திருந்தார். நாளைக்குப் பறித்துப் பருப்போடு ஊட்டப்போவதைத் தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

கீரை நின்ற தொட்டியை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். பழைய குண்டு டிவியின் முதுகு மூடி அது. கறுப்பு வெளுத்து, தொட்டால் விரலில் மாவுபோல ஒட்டியது.

நான் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பெரும்பாலும் மறந்துவிட்டது. பயப்படுவதற்கு வேண்டியது மட்டும் மறக்கவில்லை. அந்தக் காலத்து டிவிக்குள் சூடு ஏறும். பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்க, புரோமின் உள்ள மருந்து ஒன்றைக் கலப்பார்கள். வெயில் படப்பட அந்த மூலக்கூறிலிருந்து புரோமின் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். காற்றுப் புகாத ஈர மண்ணில் நுண்ணுயிர்களும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். சிதைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாதி சிதைந்து சிறுத்ததுதான் உடம்புக்குள் சுலபமாகப் புகுந்து கொழுப்பில் தங்குகிறது. கீரையில் எவ்வளவு ஏறியிருக்கும்? ஒன்றுமே ஏறாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் பிள்ளைக்கு ஊட்டவும் மனம் இல்லை. ஆசையாக வளர்த்தவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கொழுந்தனிடம் மட்டும் சொன்னேன். அச்சகத்தில் வேலை பார்ப்பவர்; அவரிடம் சொல்வதும் நோட்டீஸ் அடிப்பதும் ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் மாமியார் வந்து நின்றார். கோபம் இல்லை.

"சந்தேகம்னா கொளுத்திப் பாத்துருவோம்த்தா. அதுக்கு எதுக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்க?"

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வருஷக்கணக்கில் இருந்தவர். சாயங்காலம் ஒரு சாம்பிளைக் கொளுத்திப் பார்க்காமல் அங்கே எந்தச் சரக்கையும் நம்ப மாட்டார்கள். எனக்கும் கல்லூரிச் சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. செம்புக் கம்பியைச் சுடவைத்து, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். புரோமினோ குளோரினோ இருந்தால் தீ பச்சையாகும்.

மாடியில் சின்ன கேஸ் அடுப்பை வைத்தோம். பற்றவைக்கும் முன் மாமியார் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் கொண்டுவந்தார். என்னைக் கீழே அனுப்பிப் பருத்திச் சேலை கட்டிவரச் செய்தார். புகை பக்கம் வராமல், மகளைத் தூக்கிக்கொண்டு கொழுந்தன் மாடிப்படியில் நின்றார்.

சுட்ட கம்பியை டிவி மூடியில் தொட்டுத் தீயில் காட்டினேன். பச்சை. ஒப்பிட்டுப் பார்க்கத் பிளாஸ்டிக் தண்ணீர் வாளியின் விளிம்பில் தொட்டேன். அதுவும் பச்சை. மகளின் பால் டப்பா மூடியும் பச்சை. எட்டு மாதமாக எதில் எதையெல்லாம் கொடுத்தேன் என்று மனசு கணக்குப் போட்டது.

"அந்தத் தேங்காச் செரட்டையத் தொடுங்க மதினி," என்றார் கொழுந்தன்.

தொட்டேன். பச்சை.

மாமியார் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "தென்ன மரமும் டிவி கம்பெனியில செஞ்சதா?"

அப்போதுதான் புரிந்தது. செம்புக் கம்பிக்காகப் பழைய ஒயரின் உறையை உரித்துவிட்டு, ஒட்டியிருந்த பிசிறோடு அப்படியே தீயில் நீட்டியிருந்தேன். அந்த உறையிலும் குளோரின் உண்டு. முதலில் கம்பியைச் சுத்தமாக எரித்திருக்க வேண்டும். எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. காரணம் தெரியாமல் மகளும் கெக்கலித்தாள்.

கம்பியைத் தேய்த்து, பச்சை அடங்கும்வரை எரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். சிரட்டையில் பச்சை இல்லை. வாளியில் இல்லை. பால் டப்பா மூடியில் இல்லை. டிவி மூடியில் மட்டும் பளிச்சென்று வந்தது.

சிரிப்பு நின்றது. எவ்வளவு என்று இந்தச் சோதனை சொல்லாது, கீரையில் ஏறியதா என்றும் சொல்லாது, ஒருவேளை நான்தான் அதிகம் பயப்படுகிறேனோ என்னவோ என்று இழுத்தேன். நான் முடிப்பதற்குள் மாமியார் கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்திருந்தார்.

"வெத எங்கிட்ட இருக்கு. பிள்ளை ஒண்ணுதான இருக்கு."

மூடியைக் குப்பையோடு எரித்துவிடலாம் என்றார் கொழுந்தன். கூடாது, அந்தப் புகை இதைவிட மோசம் என்றேன். மண்ணையும் சேர்த்துச் சாக்கில் கட்டி, மின்கழிவு எடுக்கிறவர்களிடம் ஒப்படைத்தோம். மாமியாருக்குச் சோதனை பிடித்துவிட்டது. ஒரு வாரம் சீப்பு, செருப்பு, ரேடியோ என்று எதையாவது கொண்டுவந்து என் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தார்.

புதுக்கீரை மண்சட்டியில் வளர்ந்தது. ஊட்டும் நாளில் மாமியார் கிண்ணமும் கரண்டியுமாக என்னைப் பார்த்தார். அந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது என்று கேட்க நான் வாயெடுத்தேன். அதற்குள் மகள் எட்டி அவர் கையைப் பிடித்து, கரண்டியைத் தானே வாய்க்குள் இழுத்துக்கொண்டாள்.